மிலோஷெவிச்சைக் கவிழ்த்தது எது: ஸ்டிக்கரா, நிலக்கரியா, லோடரா?

#1 கரிசல்

சர்வாதிகாரத்தை அறவழியில் சாய்க்கலாம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது வரியில் செர்பியா வந்துவிடுகிறது. ஓட்போர் மாணவர்கள், கைமுட்டிச் சின்னம், போலீஸ்காரருக்குப் பூங்கொத்து, யூகோஸ்லாவிய அதிபர் மிலோஷெவிச் வீட்டுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2000 அக்டோபர் 5 அன்று பெல்கிரேடில் நடந்ததை வரிசையாக எழுதிப் பாருங்கள், பூ வாடிவிடும்.

அன்று நாடாளுமன்றம் எரிந்தது. அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎஸ் கட்டடம் எரிந்தது, அதன் இயக்குநருக்குத் தெருவில் தர்ம அடி. சாச்சாக் நகர மேயர் வெலிமிர் இலிச் கூட்டிவந்த வாகன வரிசையில் முன்னாள் பாராசூட் படையினர், குத்துச்சண்டைக்காரர்கள், மஃப்டி போலீஸார் எல்லாரும் இருந்தார்கள். சில வண்டிகளில் துப்பாக்கியும் இருந்தது. வழியில் போலீஸ் போட்டிருந்த தடுப்புகளைக் கனரக வண்டி கொண்டு ஓரம் தள்ளினார்கள். (புல்டோசர் புரட்சி என்று பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அது சக்கரம் வைத்த லோடர்.) எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தைய இரவே எதிர்க்கட்சித் தலைவர் ஸோரான் ஜின்ஜிச், ரகசியப் போலீஸின் அதிரடிப் படையான ஜேஎஸ்ஓவின் தளபதி லெகியாவை வண்டிக்குள் உட்கார்ந்து சந்தித்து, "நீங்கள் சுடாதீர்கள், நாங்கள் உங்கள் முகாம் பக்கம் வரமாட்டோம்" என்ற அளவில் பேசி முடித்துவிட்டார்.

இதை அறப்போராட்டம் என்று வகைப்படுத்துவது எந்தக் கணக்கு? 1991 மார்ச்சில் ஊர்வலம் போனார்கள், டாங்கி வந்தது. 1996இல் மாதக்கணக்கில் விசில் ஊதிக்கொண்டு நடந்தார்கள். ஆள் அசையவில்லை. பலம் காட்டிய அன்றுதான் அசைந்தார். மறுப்பவர்கள் விவரத்தோடு மறுக்கவும், பொன்மொழி வேண்டாம்.

#2 தராசு

கரிசல் சார், அக்டோபர் 5 பற்றி நீங்கள் சொன்னதில் பிழை இல்லை. 1996இல் பிழை இருக்கிறது.

1996 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் முடிவைத் திருடியதற்கு எதிராகத் தொடங்கியது அந்த ஊர்வலம். மூன்று மாதம் அளவுக்கு நாள்தோறும் நடந்தது. 1997 பிப்ரவரியில் மிலோஷெவிச் தனிச்சட்டம் கொண்டுவந்து, எதிர்க்கட்சிகள் வென்ற நகராட்சிகளை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன்பின் எதிர்க்கட்சிக் கூட்டணி தங்களுக்குள் அடித்துக்கொண்டு சிதறியது வேறு கதை. கையில் வந்த நகராட்சிகள் மட்டும் கையிலேயே இருந்தன. நகராட்சி என்றால் உள்ளூர் வானொலி, தொலைக்காட்சி, குப்பை லாரி, பேருந்து, சம்பளப் பட்டியலில் நூற்றுக்கணக்கான ஆட்கள். மேயர் இலிச்சால் அத்தனை வண்டியையும் ஆளையும் திரட்ட முடிந்ததே, அந்த மேயர் பதவியே எங்கிருந்து வந்தது? உங்கள் லோடருக்கு டீசல் போட்டதே அந்த விசில் ஊர்வலம்தான்.

அடுத்து வகைப்பாடு. எரிகா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1900 முதல் 2006 வரை 323 இயக்கங்களை எடுத்து ஒப்பிட்டார்கள். ஆயுதமில்லாதவற்றில் 53 விழுக்காடு வென்றன, ஆயுதமேந்தியவற்றில் 26. இந்த எண்ணைத்தான் எல்லாரும் மேடையில் சொல்கிறார்கள். சொல்லாமல் விடுவது இரண்டு. முதலாவது, அவர்கள் பிரித்தது "முதன்மையாக" எந்த வழி என்று பார்த்து. ஒரு கட்டடம் எரிந்ததால் இயக்கம் ஆயுதப் பட்டியலுக்குப் போய்விடாது. கும்பல் வன்முறை வேறு, ஆயுதப் படை கட்டிப் போரிடுவது வேறு. இரண்டாவது, 2010க்குப் பிறகான இயக்கங்களில் ஆயுதமற்றவற்றின் வெற்றி ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகச் சரிந்துவிட்டது என்று செனோவெத்தே எழுதியிருக்கிறார். ஆயுதவழி அதைவிட மோசமாகச் சரிந்தது. ஆட்சிகளும் பாடம் படிக்கின்றன.

அக்டோபர் 5இல் இறந்தவர்கள் இருவர். ஒருவர் வாகனத்தில் அடிபட்டு, மற்றவர் மாரடைப்பில். சுட்டுக் கொல்லப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. துப்பாக்கி இருந்த இடத்தில் ஏன் துப்பாக்கி பேசவில்லை என்பதல்லவா கேள்வி?

#3 மின்கோபுரம்

எல்லாரும் பெல்கிரேடையே பார்க்கிறீர்கள். கொஞ்சம் தென்மேற்கே லாஸரெவாட்ஸ் பக்கம் வாருங்கள். கொலுபாரா சுரங்கம்.

அங்கே தோண்டுவது லிக்னைட், நெய்வேலியில் கிடைக்கும் அதே பழுப்பு நிலக்கரி. அதன் குணத்தைப் புரிந்துகொண்டால் அரசியல் தானே புரியும். பாதிக்குப் பாதி ஈரம், வெப்பம் குறைவு. தூர தேசத்திலிருந்து கொண்டுவந்தால் கூலிக்குக் கட்டாது. அதனால் அனல்மின் நிலையத்தைச் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே கட்டுவார்கள். குவித்தும் வைக்க முடியாது, தானாகப் புகைந்து தீப்பிடிக்கும். ஆகவே கையிருப்பு எப்போதும் நாள் கணக்குதான், மாதக் கணக்கு கிடையாது. கொலுபாரா நிலக்கரி தனி ரயில் பாதையில் ஒப்ரெனொவாட்ஸிலுள்ள நிக்கோலா டெஸ்லா நிலையத்துக்குப் போகும். செர்பியாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி அங்கே உற்பத்தி.

2000 செப்டம்பர் 24 அதிபர் தேர்தலைத் திருடப் பார்த்ததும் 29ஆம் தேதி கொலுபாராவில் வேலை நின்றது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். ஓரிரு நாளில் மின்வெட்டு தொடங்கியது. 1999 மேயில் நேட்டோ கிராஃபைட் குண்டு போட்டு இதே ஒப்ரெனொவாட்ஸை இருட்டாக்கியிருந்தது. அந்த இருட்டில் மக்கள் நேட்டோவைத் திட்டினார்கள். இந்த இருட்டுக்கு ஆட்சியைத் திட்டினார்கள். அக்டோபர் 3 இரவு ராணுவத் தலைமைத் தளபதி பாவ்கோவிச்சே சுரங்கத்துக்கு நேரில் போய்ப் பேசினார். ஒரு வேலைநிறுத்தத்துக்கு ராணுவத் தலைமைத் தளபதி தூது போகிறார் என்றால் எந்த நரம்பில் கை வைத்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4ஆம் தேதி போலீஸ் நுழைந்தது. உள்ளூர் வானொலிகளில் சேதி பரவி, சுற்றுவட்டாரத்திலிருந்து காரிலும் பேருந்திலும் ஆயிரக்கணக்கில் ஜனம் வந்து சேர்ந்தது. பாலத்தை மறித்து நின்ற போலீஸ் வண்டிகளைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்கள். போலீஸ் தடியைக்கூட ஓங்கவில்லை. ஓங்கித்தான் என்ன செய்ய? வாளிச்சக்கரத் தோண்டி என்பது பல மாடி உயர இயந்திரம். ஓட்டத் தெரிந்தவனை அடித்து விரட்டினால் போலீஸ்காரனா ஏறி உட்கார்ந்து ஓட்டுவான்?

எனக்குத் தெரிந்து ஆட்சி தோற்றது அந்த 4ஆம் தேதி மாலைதான். மறுநாள் பெல்கிரேடில் எரிந்தது ஆளில்லாத வீடு.

வேலைநிறுத்தம் எங்கே சொதப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர், நீதிமன்ற ஊழியர், கடைக்காரர் இவர்கள் முதலில் இறங்கினால் சிரமப்படுவது அக்கம்பக்கத்து மக்கள், ஆட்சியாளர் அல்ல. சாலை மறியல் இரண்டு நாளைத் தாண்டினால் பால் வராது, பிறகு மறிப்பவர் மீதே கோபம் திரும்பும். சுரங்கத்தில் உள்ளேயே தங்குபவர்களுக்குச் சோறும் கம்பளியும் மருந்தும் முதல் நாளிலிருந்தே வந்தாக வேண்டும். கொலுபாராவில் அதைச் சுற்றுவட்டார ஜனமே பார்த்துக்கொண்டது. பத்து நாள் இழுத்திருந்தால் குடும்பங்களுக்குச் சம்பளம் எங்கே என்ற கேள்வி வந்திருக்கும். வராமல் தப்பித்தார்கள்.

#4 பழைய_பேப்பர்

மின்கோபுரம் ஐயா சுரங்கத்தைச் சொன்னதால் நான் காகிதத்தைச் சொல்கிறேன். சுரங்கம் நிற்க ஒரு காரணம் வேண்டும். "தேர்தலைத் திருடிவிட்டான்" என்பது வெறும் குற்றச்சாட்டாக இருந்தால் யாரும் சம்பளத்தை விட்டுவிட்டு வெளியே வரமாட்டார்கள். ஆதாரம் வேண்டும், அதுவும் அன்றிரவே.

ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணி முடித்ததும் ஒரு பதிவேட்டுத் தாள் எழுதிக் குழு உறுப்பினர்கள் கையொப்பம் இடுவார்கள். சுமார் பத்தாயிரம் சாவடி. எதிர்க்கட்சிக் கூட்டணி (18 கட்சிகள் சேர்ந்தது) தன் உறுப்பினரைக் குழுவில் வைத்து, அந்தத் தாளின் நகலைக் கையோடு எடுத்து, தொலைபேசியிலும் ஃபேக்ஸிலும் மேலே அனுப்பி, தானே கூட்டியது. நள்ளிரவுக்குள் தன் வேட்பாளர் கொஷ்டுனிட்சா பாதியைத் தாண்டிவிட்டார் என்று அறிவித்தது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் பிறகு சொன்ன கணக்கு 48.96 விழுக்காடு, அதாவது இரண்டாம் சுற்று. ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைத்திருக்கிறார்கள். பதவி போன பிறகு அதே ஆணையம் திருத்திச் சொன்ன எண் 50.24. திருட்டு எங்கே நடந்ததென்றால், எதிர்க்கட்சி ஆள் உட்கார முடியாத கொசோவோச் சாவடிகள், அந்த வாக்குகளைக் கொண்டுவந்து எண்ணிய தெற்கு மாவட்டங்கள். தாள் இல்லாத இடத்தில்தான் எண் வீங்கும். எந்த நாட்டுக்கும் இது பொருந்தும்.

ஓட்போர் பற்றி. 1998 அக்டோபரில் பல்கலைக்கழகச் சட்டத்துக்கு எதிராகத் தொடங்கிய மாணவர் குழு அது. தலைவர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளவில்லை, பிடித்துப் போட்டாலும் நிற்காது. பெல்கிரேட் கடைத்தெருவில் மிலோஷெவிச் முகம் வரைந்த பீப்பாய் ஒன்றை நிறுத்தி, காசு போட்டு ஒரு அடி அடித்துக்கொள் என்று எழுதிவைத்துவிட்டு எட்டப் போய்விட்டார்கள். போலீஸ் வந்து பார்த்தது. யாரைப் பிடிப்பது? கடைசியில் பீப்பாயைக் கைது செய்து வண்டியில் ஏற்றியது. விட்டிருந்தால் அவமானம், எடுத்துப் போனதும் அவமானம். நன்றாக யோசித்த வேலை.

ஆனால் சிரிப்பைவிட முக்கியம் அவர்களுடைய கைது ஏற்பாடு. ஒருவரைப் பிடித்தால் யாருக்கு முதலில் தகவல் என்று முன்பே முடிவாகியிருக்கும். சற்று நேரத்தில் வழக்கறிஞர் காவல் நிலையத்தில் இருப்பார். அதே நேரம் நிலையத் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். வாசலில் கூட்டம் கூடும், அதில் பிடிபட்டவரின் அம்மாவும் பாட்டியும் இருப்பார்கள். ஊர் சிறியது, அந்தப் பாட்டியை இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். வெளியே வந்ததும் கைதட்டல். 2000 மே முதல் செப்டம்பர் வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதுகள். ஒவ்வொன்றும் புதிய ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது, ஏனென்றால் பதினெட்டு வயதுப் பெண்ணைப் பயங்கரவாதி என்றால் அவள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பணம். அப்போதைய அமெரிக்கப் பத்திரிகைக் கணக்குப்படி அந்த ஓராண்டுப் பிரசாரத்துக்கு அமெரிக்கா கொடுத்தது 4 கோடி டாலருக்கு மேல். "அவன் முடிந்தான்" ஸ்டிக்கர் மட்டும் 25 லட்சம், 5000 ஸ்ப்ரே டப்பா. புடாபெஸ்ட் ஓட்டலில் பயிற்சி கொடுத்தவர் ராபர்ட் ஹெல்வி, ஓய்வுபெற்ற அமெரிக்க ராணுவக் கர்னல். தன்னெழுச்சி என்று பாடுகிறவர்கள் இந்த ரசீதையும் சேர்த்துப் படிக்கவும். காசு கொடுத்தால் ஸ்டிக்கர் வரும், கொலுபாரா வராது என்பதும் உண்மைதான்.

#5 வடமராட்சியான்

கரிசல் அண்ணை கேட்ட கேள்வியை இன்னும் கொஞ்சம் தெற்கை நகர்த்திப் பாப்பம். அதே மிலோஷெவிச், அதே போலீஸ், இன்னொரு சனம். செர்பியாவின்ரை கொசோவோ மாகாணத்து அல்பேனியர்.

அங்கையும் ஒரு சுரங்கம் இருந்தது. ட்ரெப்சா. ஈயமும் துத்தநாகமும். 1989 பெப்ரவரியில சுயாட்சியைப் பறிக்கிறதை எதிர்த்து ஆயிரத்து முந்நூறு தொழிலாளர் நிலத்துக்குக் கீழ இறங்கி உண்ணாவிரதம் இருந்தவை. எட்டு நாள். தங்கட தலையில ஏத்தி வைச்ச மூண்டு பேரையும் விலக்கச் சொல்லிக் கேட்டவை. ராஜினாமாக் கடிதம் வந்தது, ஆக்கள் மேல ஏறினாப் பிறகு அது செல்லாமல் போச்சு. மார்ச் 23இல டாங்கி சுத்தி நிக்க கொசோவோ சட்டசபை கையைத் தூக்கிச்சுது.

பிறகு இப்ராஹிம் ருகோவா தலைமையில ஏழெட்டு வருசம் ஒரு கல்லும் எறியாமல் நடத்தினவை. லட்சத்துக்கும் மேல ஆக்களை அரசாங்க வேலையால கலைச்சாச்சு. வீட்டு விறாந்தையிலயும் கராஜிலயும் பள்ளிக்கூடம், மூண்டு லட்சத்துக்குக் கிட்டப் பிள்ளையள். அன்னை தெரேசா சங்கம் எண்டு வைத்தியசாலை வலைப்பின்னல். வெளிநாட்டில இருக்கிற சனத்திட்டை மூண்டு வீத வரி. அந்தோன் செத்தா எண்ட பேராசிரியர் ஊர் ஊராப் போய்ப் பரம்பரைப் பழிவாங்கல் பகையளை நூற்றுக்கணக்கில சமாதானமாக்கி வைச்சவர். ஒழுங்கெண்டால் அப்பிடி ஒரு ஒழுங்கு. பலன்? 1995இல போஸ்னியப் போரை முடிச்ச டேட்டன் பேச்சுவார்த்தையில கொசோவோவைப் பற்றி ஒரு வரி இல்லை. 1996இல பள்ளிக்கூட ஒப்பந்தம் எண்டு மிலோஷெவிச் கையெழுத்து வைச்சார், நடைமுறைக்கு வரேல்லை.

இப்ப ரெண்டு சுரங்கத்தையும் பக்கத்தில பக்கத்தில வையுங்கோ. ட்ரெப்சா நிண்டால் பெல்கிரேடில ஒரு பல்ப்பும் அணையாது. கொலுபாரா நிண்டால் ஊரே இருட்டு. கொலுபாராவுக்குப் போன பொலிஸ்காரன்ரை மச்சான் அங்க வேலை செய்யக்கூடும். ட்ரெப்சாவுக்குப் போனவனுக்கு அங்க ஆரும் இல்லை, மொழியும் விளங்காது. கொசோவோ அல்பேனியர் வேலைக்கு வராட்டி மிலோஷெவிச்சுக்குச் சந்தோசம், அவருக்கு வேண்டியதே அதுதானே.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இது புதுக்கதை இல்லை. 1961 பெப்ரவரி 20இல இருந்து கச்சேரி (மாவட்ட அரசாங்க அலுவலகம்) வாசலில சத்தியாக்கிரகம். கச்சேரி முடங்கினது உண்மை. ஆனால் முடங்கினது எங்கட கச்சேரி. கொழும்பில ஒரு ஃபைலும் நிக்கேல்லை. அவசரகாலச் சட்டம், ராணுவம், தலைவர்மார் பனாகொடையில தடுப்புக்காவல். காந்தி செய்தது பலிச்சது, நாங்கள் செய்தது பலிக்கேல்லை எண்டு ஏதோ எங்கட உறுதியில குறை மாதிரிப் பேசுகினம். ஆள்பவருக்கு எங்களை நம்பி எதுவும் ஓடேல்லை எண்டதுதான் குறை.

#6 கரிசல்

> ஏழெட்டு வருசம் ஒரு கல்லும் எறியாமல்

நன்றி, நான் தேடிய ஆதாரத்தை நீங்களே தந்துவிட்டீர்கள். ருகோவாவின் எட்டு வருடத்துக்குக் கிடைத்தது பூஜ்யம். கொசோவோ விடுதலைப் படை துப்பாக்கி தூக்கி இரண்டே வருடத்தில் நேட்டோ வந்தது, 1999 ஜூனில் செர்பியப் படை வெளியேறியது, 2008 பிப்ரவரி 17 அன்று சுதந்திரப் பிரகடனம். இதற்கு என்ன பதில்?

#7 தராசு

பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளம்.

முதலில் ஆயுதம் எங்கிருந்து வந்தது? 1997 வசந்தத்தில் அல்பேனியாவில் பிரமிட் நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து அரசே கலைந்து, ராணுவக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. லட்சக்கணக்கில் கலாஷ்னிகோவ்கள் சந்தைக்கு வந்தன. பக்கத்து நாடு சரிந்தது தற்செயல். அதைத் திட்டம் என்று எழுதிக்கொள்ள முடியாது.

அடுத்து, அந்தப் படை செர்பிய ராணுவத்தைக் களத்தில் வென்றதா? இல்லை. 1998 மார்ச்சில் ப்ரெகாஸ் ஊரில் அந்தப் படையின் தளபதி ஆதெம் யஷாரியும் அவர் குடும்பமும் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1999 ஜனவரியில் ராச்சாக் கிராமப் படுகொலை. மார்ச் 24 முதல் 78 நாள் நேட்டோ விமானத் தாக்குதல். அதற்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லைக்கு அப்பால் துரத்தப்பட்டார்கள், சாவு பதின்மூன்றாயிரம் அளவில். படை செய்த வேலை, செர்பியாவைக் கொடூரமாகப் பதிலடி கொடுக்கவைத்து அதை உலகம் பார்க்கும்படி செய்தது. பந்தயத்தில் வைத்த பணம் ஊர்மக்களின் உயிர். வெளிநாட்டு விமானம் வந்ததால் பந்தயம் பலித்தது.

வராவிட்டால்? சிரியா. 2011 மார்ச்சில் தரா நகரில் தொடங்கியது ஊர்வலம்தான். ஜூலை இறுதியில் சுதந்திர சிரிய ராணுவம் அறிவிக்கப்பட்டது. லிபியாவுக்கு வந்த விமானம் தமக்கும் வரும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. வந்தது ரஷ்ய விமானம், 2015இல், எதிர்ப்பக்கத்துக்கு. அசாத் விழுந்தது 2024 டிசம்பர் 8. இடையில் லட்சக்கணக்கில் பிணம். ஆயுதம்தானே கடைசியில் வீழ்த்தியது என்பீர்கள், சரி. நவம்பர் 27 அன்று கிளம்பிய படை பன்னிரண்டே நாளில் டமாஸ்கஸ் வந்தது எப்படி? பதின்மூன்று வருடம் தாங்கிய ராணுவம் சண்டை போடாமல் சீருடையைக் கழற்றிப் போட்டது. டிசம்பர் 4 அன்று அசாத் சிப்பாய்களுக்கு 50 விழுக்காடு சம்பள உயர்வு அறிவித்தார். காலம் கடந்துவிட்டது. கொலுபாராவில் போலீஸ் ஓங்காத தடியும் ஹோம்ஸில் சிப்பாய் கழற்றிய சீருடையும் ஒரே சங்கதி. அங்கே அது ஒரு வாரத்தில் நடந்தது, இங்கே பதின்மூன்று வருடம்.

#8 நொச்சி

குறுக்கே ஒரு கேள்வி. மக்கள்தொகையில் 3.5 விழுக்காடு தெருவில் இறங்கினால் எந்த ஆட்சியும் விழும் என்கிறார்களே, அது நிஜமா?

#9 மின்கோபுரம்

விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. பழைய தரவில் தென்பட்ட ஒரு போக்கு, அவ்வளவே. பஹ்ரைனில் 2011இல் அந்த அளவைத் தாண்டி இறங்கினார்கள், தோற்றார்கள். காரணம் தலைக்கணக்கில் இல்லை. ஜனத்தில் பெரும்பான்மை ஷியா, அரச குடும்பம் சுன்னி. பாதுகாப்புப் படையில் பாகிஸ்தான், ஏமன், ஜோர்டான் என்று வெளியிலிருந்து எடுத்த ஆட்கள் ஏராளம். வடமராட்சியான் சொன்ன மச்சான் உறவு அங்கே கிடையாது. அதுவும் போதாது என்று மார்ச் 14 அன்று பாலம் வழியாக சவூதிச் சிப்பாய்கள் சுமார் ஆயிரம் பேர், கூடவே எமிரேட்ஸ் போலீஸார். நான்கு நாளில் முத்துச் சதுக்கத்தின் நினைவுத்தூணையே இடித்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ததற்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலையை விட்டு எடுத்தார்கள்.

பெலாரஸ் 2020 இன்னும் நுணுக்கமானது. ஆகஸ்டில் மின்ஸ்க் டிராக்டர் ஆலை, பொட்டாஷ் சுரங்கம் எல்லாம் அசைந்தன. கொலுபாரா திரும்ப நடக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். அங்கே அரசு ஆலைத் தொழிலாளி குறுகிய கால ஒப்பந்தத்தில் இருப்பவர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும், கைதுகூட வேண்டாம். அரசுத் தொலைக்காட்சி ஊழியர்கள் வெளிநடப்பு செய்தார்கள், ரஷ்ய அரசுத் தொலைக்காட்சியான ஆர்டியின் ஆட்கள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். போலீஸ் தளர்ந்தால் அனுப்பத் தனிப்படை தயார் என்று புடின் வெளிப்படையாகச் சொன்னார். கடைசியில் அக்டோபர் 26க்கு அறிவித்த பொது வேலைநிறுத்தம் பிசுபிசுத்தது. வேலைநிறுத்தம் செய்பவரின் இடத்துக்கு ஆள் கிடைத்தால் அது வேலைநிறுத்தம் இல்லை, ராஜினாமா.

#10 வடமராட்சியான்

மியன்மாரையும் இதில வையுங்கோ. 2021 பெப்ரவரி 1 சதிப்புரட்சி. ரெண்டு நாளில மண்டலே வைத்தியர்மார் வேலையை விட்டிட்டு இறங்கினவை, பிறகு வங்கி, ரயில், பள்ளிக்கூடம். உலகத்தில அப்பிடியொரு ஒத்துழையாமை கன காலமா நடக்கேல்லை. ராணுவம் என்ன செய்தது? யாங்கூனில ரயில்வே ஊழியர் குடியிருப்பை மார்ச்சில சுத்தி வளைச்சு, சனத்தை வீட்டை விட்டே கலைச்சது. அரசாங்கக் குவார்ட்டர்ஸில இருந்துகொண்டு வேலைநிறுத்தம் செய்யிறவைக்கு முதல் அடி கூரையில விழும். இதை ஒருத்தரும் முன்கூட்டி யோசிக்கேல்லை.

அந்த ராணுவத்துக்கு வேண்டிய டொலர் தாய்லாந்துக்கு விக்கிற கடல் வாயுவில வரும். வங்கி மூடினாலும் குழாய் ஓடும். சிப்பாயின்ரை பெண்சாதி பிள்ளையள் முகாமுக்குள்ள, சனத்தோட கலக்கிறேல்லை, அதால கட்சி மாறினவை குறைவு. இளம் பெடியள் காட்டுக்குப் போனது இதுக்குப் பிறகுதான். பூங்கொத்தைக் கொடுத்துப் பாத்துச் சூடு வாங்கினாப் பிறகு. பொழுதுபோகாமல் போகேல்லை. 2023 ஒக்டோபர் 27 தாக்குதலுக்குப் பிறகு ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராப் பிடிச்சவை, 2024இல லாஷியோ நகரத்தையே பிடிச்சவை. 2025இல சீனா சொன்னதால அதைத் திருப்பிக் குடுக்கவேண்டி வந்தது. துவக்கு இருந்தாலும் ஆரிட்டைத் தங்கியிருக்கிறம் எண்ட கேள்வி விடாது போல.

#11 பழைய_பேப்பர்

கரிசல் முதல் பதிவில் பெருமையாகச் சொன்ன லெகியா ஒப்பந்தத்தின் மீதிக் கணக்கு பாக்கி நிற்கிறது. அக்டோபர் 5 அன்று ஜேஎஸ்ஓ சுடவில்லை. அதற்கு விலை, அந்தப் படை அப்படியே நீடித்தது. ஆள் மாறவில்லை, ஆயுதம் மாறவில்லை, போதைக் கும்பலோடு இருந்த தொடர்பும் மாறவில்லை. 2001 நவம்பரில் ஹேக் போர்க்குற்றத் தீர்ப்பாயத்துக்கு ஆட்களை அனுப்பியதை எதிர்த்துச் சீருடையோடு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஜின்ஜிச் அப்போது பிரதமர், இறங்கிப்போனார். 2003 மார்ச் 12 அன்று அரசு அலுவலக வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றவன் அதே படையின் ஆள். சதியில் லெகியாவுக்கு நீதிமன்றம் 40 ஆண்டு கொடுத்தது. படையைக் கலைத்தது கொலைக்குப் பிறகுதான்.

சிலியிலும் இந்த வகைக் கடன் உண்டு. 1988 அக்டோபர் 5 (ஆம், அதே தேதி) அன்று சர்வாதிகாரி பினோசே தொடர வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் வேண்டாம் என்றவர்கள் 55.99 விழுக்காடு. பினோசே அதிபர் மாளிகையை விட்டார், ராணுவத் தலைமையை 1998 வரை விடவில்லை. ஆனால் அங்கே இன்னொன்றையும் பார்க்கலாம். 1986 செப்டம்பரில் அவர் வாகன வரிசையை ஆயுதக் குழு தாக்கி மெய்க்காவலர் ஐவர் இறந்தார்கள், பினோசே தப்பினார், அன்றே முற்றுகை நிலை அறிவித்தார், எதிர்ப்பாளர்களை வீடு புகுந்து இழுத்துப் போய்க் கொன்றார்கள். வாக்கெடுப்பு இரவில் விமானப்படைத் தளபதி மத்தேய் நிருபர்களிடம் "வேண்டாம் தரப்பு வென்றுவிட்டது" என்றார். தன் கூட்டாளிகள் உடல்கள் சிதறிக் கிடந்த அந்த 1986இல் அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா?

#12 கரிசல்

1996 பற்றிச் சொன்னது பிழை, ஒப்புக்கொள்கிறேன். சிலி ஒப்பீடும் நியாயம். லெகியா விஷயத்தில் ஒப்பவில்லை. அவரோடு பேசாமல் இருந்திருந்தால் அக்டோபர் 5 அன்று பெல்கிரேடில் எத்தனை பிணம் என்று சொல்லுங்கள், பிறகு 2003 பற்றிப் பேசலாம். தப்பு அந்த இரவுச் சந்திப்பில் இல்லை, மறுநாள் காலையே அந்தப் படையைக் கலைக்காததில்.

ட்ரெப்சா, கொலுபாரா ஒப்பீட்டுக்கு வடமராட்சியானுக்கு நன்றி. ஒன்று கேட்க வேண்டும். ஆள்பவர் நம்மை நம்பி இல்லை என்றால் வழியே இல்லையா? கச்சேரி வாசலில் எட்டு வாரம் உட்கார்ந்ததை விட்டுவைத்த கொழும்பு, எதற்காகத் திடீரென்று ராணுவத்தை அனுப்பியது?

#13 வடமராட்சியான்

திகதியைப் பாருங்கோ அண்ணை. பெப்ரவரி 20 தொடக்கம் குந்தியிருந்தவை, அவசரகாலச் சட்டம் வரேல்லை. ஏப்ரல் 14, சித்திரைப் புதுவருசத்தண்டு, தமிழரசுக் கட்சி சொந்தமாத் தபால் சேவை தொடங்கி, தன்ரை முத்திரையை வித்தது. ஏப்ரல் 17 அவசரகாலச் சட்டம். மூண்டே நாள்.

கொசோவோவில விறாந்தைப் பள்ளிக்கூடத்தை மிலோஷெவிச் ஏழு வருசம் விட்டு வைச்சவர். வாத்திமாருக்குச் சம்பளம் குடுக்கிற காசு மிச்சம் எண்டு நினைச்சிருப்பார். முத்திரை எண்டால் அது வேற. அதில நாட்டின்ரை பேர் இருக்கும்.